வண்டி வெளியே பார்த்து நிற்கட்டும்



ஆகஸ்ட் இதழில் இந்தப் பக்கத்தில் எழுத்தே இல்லாமல் ஒரு பைன் மரத்தின் படம் மட்டும் வந்ததே, அச்சகக் கோளாறா என்று கேட்டு நிறையக் கடிதங்கள். கும்பகோணத்து வாசகர் ஒருவர், ஆசிரியருக்கு உடம்பு சரியில்லையோ என்று கவலைப்பட்டு அஞ்சலட்டை போட்டிருந்தார். உடம்புக்கு ஒன்றுமில்லை. அந்த மாதப் பக்கத்தை எழுதி, மெய்ப்பும் பார்த்து, அச்சுக்கு அனுப்பியும் விட்டேன். மறுநாள் காலையில் அதைத் திருப்பி வாங்க வேண்டியதாயிற்று. எந்தத் திண்ணையில் உட்கார்ந்து பள்ளத்தாக்கைப் பார்த்தேன் என்று முக்கால் பக்கம் வர்ணித்திருந்தேனோ, அந்தத் திண்ணையின் கட்டடம் அதற்குள் எரிந்து முடிந்திருந்தது.

தீ முழுதாக அடங்கட்டும், பிறகு எழுதலாம் என்று பொறுத்திருந்தேன். அது அடங்கச் செப்டம்பர் ஆனது. அதனால்தான் ஜூலைக் கதையை நவம்பரில் சொல்கிறேன்.

என் அக்கா மகள் அமெரிக்காவில், அரிசோனா மாநிலத்தின் ஃபீனிக்ஸ் நகரில் இருக்கிறாள். ஜூலையில் அங்கே வெயில் 43, 44 டிகிரியைச் சர்வசாதாரணமாகத் தொடும். வாசற்கதவைத் திறந்தால், காய்ந்த வாணலிக்கு மேல் முகத்தை நீட்டிய மாதிரி இருக்கும். "சித்தி, மலைக்குப் போயிடலாம். கூடாரம் போட்டு நாலு ராத்திரி இருந்துட்டு வரலாம்" என்றாள். அறுபது வயதில் கூடாரமா என்று நான் இழுத்தேன். "தரையில படுக்கிறது உங்களுக்கு என்ன புதுசா? கல்யாண மண்டபத்துல படுக்கலையா?" என்று கேட்டாள். அதற்கு என்னிடம் பதிலில்லை. அவள், மாப்பிள்ளை, எட்டு வயதுப் பேரன், நான் என்று நாலு பேரும் ஜூலை 4ஆம் தேதி விடியுமுன் கிளம்பினோம்.

கிராண்ட் கேன்யன் என்றதும் காலண்டரில் நாம் பார்க்கும் படம் பெரும்பாலும் தென்கரையில் எடுத்தது. பயணிகளில் பத்தில் ஒன்பது பேர் அங்கேதான் போகிறார்கள். நாங்கள் போனது வடகரைக்கு. இரண்டு கரைக்கும் நடுவே காக்கை பறந்தால் பத்து மைல்தான். காரில் போனால் பள்ளத்தாக்கைச் சுற்றிக்கொண்டு 200 மைலுக்கு மேல், ஐந்து மணி நேரம். எதிர்வீட்டுக்குப் போக ஊரையே சுற்றிவருகிற கணக்கு. ஃபீனிக்ஸிலிருந்து வடக்கே போய், கொலராடோ ஆற்றைப் பாலத்தில் தாண்டி, செம்பாறைச் சுவரோரமாகவே ஓடி, ஜேக்கப் லேக் என்ற முக்கில் தெற்கே திரும்ப வேண்டும். பெயரில் ஏரி, நேரில் குட்டை. அங்கிருந்து 44 மைல் காட்டுக்குள். நடுவில் ஊர் என்று எதுவும் கிடையாது. ஒரே சாலை, போவதும் அதுதான், திரும்புவதும் அதுதான். பனிக்காலம் முழுக்க அதையும் மூடிவிடுவார்கள். மே நடுவிலிருந்து அக்டோபர் நடுவரைதான் வடகரையில் ஆள் நடமாட்டம்.

அந்தப் பீடபூமிக்குக் கைபாப் என்று பெயர். பாயூட் பழங்குடி மக்களின் சொல். 'படுத்திருக்கும் மலை' என்று அர்த்தமாம். பெயர் வைத்தவர்களைக் கும்பிடத் தோன்றியது. சிகரம் கிகரம் எதுவும் கண்ணில் படாது. ஏறுகிறோம் என்பதே காது அடைத்துக்கொள்ளும்போதுதான் தெரியும். போய்ச் சேர்ந்தால் 8,000 அடிக்கு மேல், ஊட்டியைவிட உயரம். விடியற்காலையில் மின்விசிறிக்கு அடியில் வேர்த்துக்கொண்டு கிளம்பியவர்கள் அன்றிரவு ஸ்வெட்டருக்குள் சுருண்டோம்.

வடகரை முகாம் திடலில் தொண்ணூறு இடங்கள் போல இருக்கும். ஒவ்வொன்றிலும் கூடாரம் அடிக்கச் சமதரை, ஒரு மேசை, விறகு மூட்ட ஓர் இரும்பு வளையம். குழாயடி கொஞ்சம் தள்ளி. கைப்பேசியில் சிக்னல் இல்லை. சுற்றிலும் பொண்டெரோசா பைன் மரங்கள். அடிமரத்தைக் கட்டிப்பிடிக்க ஆள் போதாது. பட்டை ஆரஞ்சு நிறத்தில், ஓட்டுச் சில்லுகளை ஒட்டவைத்த மாதிரி இருக்கும். வெயில் பட்ட பக்கமாக மூக்கை வைத்து முகர்ந்தால் கேக் சுடும் வாசனை. நான் சொல்வதை நம்பாமல் பேரன் ஒவ்வொரு மரமாக முகர்ந்து பார்த்துக்கொண்டே போனான். அந்தக் காட்டுக்கே உரிய ஓர் அணில் இருக்கிறது. வயிறு கறுப்பு, வால் வெள்ளை வெளேரென்று. உலகத்தில் வேறெங்கும் கிடையாது. அப்பேர்ப்பட்ட அபூர்வப் பிராணியைப் பார்த்துவிட்டுத் திரும்பிவந்தால், இங்கே சாதாரண அணில் ஒன்று எங்கள் மிளகுத் தட்டைப் பொட்டலத்தைக் கிழித்துப் பாதியைத் தின்றிருந்தது.

முதல் இரவு ரசம் சாதம் என்று தீர்மானம். பருப்பு வேகவே இல்லை. அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறதே என்று நம்பினால் பருப்பு கல்லாகவே கிடக்கும். குக்கரை யார் விட்டுவிட்டு வந்தது என்று அக்கா மகளும் மாப்பிள்ளையும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், நான் ஊரிலிருந்து கொண்டுபோயிருந்த புளிக்காய்ச்சல்தான் மானத்தைக் காப்பாற்றியது. இரும்பு வளையத்தை நாங்கள் தொடவில்லை, சின்ன கேஸ் அடுப்போடு சரி. காலடியில் ஊசியிலைச் சருகு அப்பளம்போல் நொறுங்கிக்கொண்டிருந்தது. அதற்கு நடுவே விறகு மூட்ட யாருக்கு மனம் வரும்?

அன்று பிற்பகல் வானம் திடீரென்று இருண்டது. இடி பலமாகத்தான் இருந்தது. மழை மட்டும் பத்துத் துளியோடு நின்றுவிட்டது. அந்தப் பக்கத்துக்கும் ஒரு பருவமழை உண்டு. ஜூலை, ஆகஸ்டில் வரும். ஆனால் அது வருகிற வழக்கம் விநோதமானது. முதலில் மின்னலை அனுப்பிவிடும், மழை சாவகாசமாகப் பின்னால் வரும். மேகத்திலிருந்து இறங்குகிற தண்ணீர் தரையைத் தொடுமுன்பே காய்ந்த காற்றில் ஆவியாகிவிடுகிறது. மின்னலுக்கு அந்தத் தடை இல்லை. நம் ஊரில் இடியைக் கேட்டால் கொடியில் காயும் துணியை எடுக்க ஓடுவோம். அங்கே காட்டு அதிகாரிகள் வரைபடத்தை எடுத்துக்கொண்டு உட்காருகிறார்கள். அன்றைய மின்னல்களில் ஒன்று, சில மைல் தள்ளி ஏதோ ஒரு மரத்தில் இறங்கியது. அதில் பிடித்த தீக்கு வைத்த பெயர் டிராகன் பிராவோ. இதெல்லாம் பிற்பாடு தெரிந்துகொண்டது. அப்போது நாங்கள் பருப்போடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம்.

பக்கத்து இடத்தில் தங்கியிருந்த பெரியவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எழுபதுக்கு மேல் இருக்கும். ஒரு பழைய பிக்கப் வண்டியில் தனியாக வந்திருந்தார். சாமான் இறக்க வசதியாக மாப்பிள்ளை காரை மூக்கு உள்ளே இருக்கும்படி நிறுத்தியிருந்தார். பெரியவர் வந்து ஊர், பேர் விசாரித்தார். ஆனால் பார்வை முழுக்கக் காரின் மேலேயே இருந்தது. போகும்போது, ஏதோ கடன் கேட்பவர்போலத் தயங்கி, "இறக்கி முடித்ததும் திருப்பி நிறுத்திவிடுங்கள். வண்டி வெளியே பார்த்து நிற்கட்டும்" என்றார். சாவி எங்கே இருக்கும் என்று கேட்டார். மாப்பிள்ளை சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். "ராத்திரி?" என்றார் பெரியவர். தன்னுடையது எங்கே என்று காட்டினார். இடது காலணிக்குள் சாவி, வலது காலணிக்குள் டார்ச். இரண்டும் கூடார வாசலில். பெட்ரோல் முக்கால் டாங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லையாம்.

2006 ஜூனில் இதே திடலில் தங்கியிருந்தாராம். வடக்கே பற்றிய ஒரு தீ இந்தச் சாலையை மூடிவிட்டதாம். வரும் வழியில் இருபுறமும் பட்டுப்போன மரங்களும், நடுநடுவே ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்த இளம் ஆஸ்பென் மரக் கூட்டமும் பார்த்தீர்களே, அதுதான் என்றார். வார்ம் தீ என்று அதற்குப் பெயர். அதுவும் மின்னல் போட்டதுதான். காட்டுக்கு நல்லது, எரியட்டும் என்று முதலில் விட்டுப் பார்த்தார்கள். காற்று திரும்பியதும் கைமீறி, 58,000 ஏக்கருக்கு மேல் எரித்துவிட்டு ஓய்ந்தது. அவர் போனதும் மாப்பிள்ளை என்னைப் பார்த்துச் சிரித்தார். சிரித்துக்கொண்டே போய் வண்டியைத் திருப்பியும் நிறுத்தினார். அதற்காக அவரைப் பாராட்ட வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை, பள்ளத்தாக்கின் விளிம்போரமாகப் போகும் ஒற்றையடிப் பாதையில் விடுதிக்கு நடந்தோம். நான் வர்ணித்து வைத்திருந்த திண்ணை அங்கேதான் இருந்தது. 1928இல் கில்பர்ட் ஸ்டான்லி அண்டர்வுட் என்ற கட்டடக் கலைஞர் கட்டிய விடுதி. 1932இல் ஒருமுறை எரிந்துபோய், எஞ்சிய கல் சுவர்கள்மேலேயே 1937இல் மறுபடி எழுந்தது. அதன் சாமர்த்தியம் வாசலில் இருந்தது. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து பார்த்தால் பள்ளத்தாக்கு தெரியவே தெரியாது. கட்டடம் மறைத்துக்கொண்டு நிற்கும். உள்ளே நுழைந்து நாலு படி இறங்கினால், எதிரே முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு அப்பால் தரையில்லை. கர்ப்பக்கிருகத்துக்கு முன் திரை விலகுவதைப் பார்த்துப் பழகியவர்களுக்கு அந்தக் கணம் புரியும். பேரன் பேச்சை நிறுத்தினான். அவன் விஷயத்தில் அது பெரிய சாதனை.

கண்ணாடியைத் தாண்டி வெளியே கல் பாவிய திண்ணை. அங்கே உட்கார்ந்திருந்தபோதுதான் காட்டுப் பக்கம் வானத்தில் ஒரு சாம்பல் கோடு கண்ணில் பட்டது. ஊதுவத்திப் புகை மாதிரி, நேராக, மெலிதாக. அக்கா மகள் அங்கிருந்த ரேஞ்சர் பெண்ணிடம் கேட்டாள். மின்னல் தீ, சின்னது, எல்லை வகுத்துக் கண்காணித்துக்கொண்டிருக்கிறோம் என்று அந்தப் பெண் அமைதியாகச் சொன்னாள். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன்.

அன்றிரவு கூடாரத்துக்குள் லேசாகப் புகை வாசம் வந்தது. அதை நான் அபாயமாக உணரவே இல்லை என்பதை இங்கே ஒப்புக்கொள்ள வேண்டும். போகிக்கு முந்தின ராத்திரி சென்னையில் வருமே, அந்த டயர் நாற்றமாக இருந்தால் எழுந்து உட்கார்ந்திருப்பேன். இது பாட்டி வீட்டு வெந்நீர் அடுப்பின் வாசம். பைன் சுள்ளி, கொஞ்சம் பிசின். நான்கு இரவுகளில் அன்றுதான் நன்றாகத் தூங்கினேன்.

8ஆம் தேதி காலையில் கூடாரத்தைச் சுருட்டினோம். பெரியவர் வார இறுதிவரை இருக்கப்போவதாகச் சொல்லிக் கைகுலுக்கினார். அவர் பெயரைக் கேட்டுக்கொள்ளாமலே வந்துவிட்டேன். 12ஆம் தேதி சென்னை. 13ஆம் தேதி, தூக்கம் கலைந்த நேரத்தில் உட்கார்ந்து அந்தப் பக்கத்தை எழுதி அனுப்பினேன். 14ஆம் தேதி காலை காப்பி குடிக்கும்போது தொலைபேசி. "சித்தி, லாட்ஜ் போயிடுச்சு" என்றாள்.

நடந்தது இதுதான். எங்கள் ஊதுவத்திப் புகை சில நாள் அடக்கமாகவே இருந்தது. இதற்கிடையே 9ஆம் தேதி, ஜேக்கப் லேக் பக்கம் வேறொரு மின்னல் தீ பற்றியது. ஒயிட் சேஜ் தீ என்று அதற்குப் பெயர். அது அந்த ஒற்றைச் சாலைக்கே ஆபத்தாகிவிடும் என்று பயந்து, 10ஆம் தேதி வடகரையில் இருந்த சுமார் 500 பயணிகளையும் வெளியேற்றினார்கள். மறுநாள் 11ஆம் தேதி, மணிக்கு 40 மைல்வரை வீசிய காற்றில் டிராகன் பிராவோ எல்லைக்கோட்டைத் தாண்டியது. அதாவது, பக்கத்தில் படுத்திருந்த தீயிலிருந்து அத்தனை பேரையும் காப்பாற்றியது தூரத்தில் எரிந்த தீ. இதற்கு என்ன பெயர் வைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. அதிர்ஷ்டம் என்று எழுதி அடித்துவிட்டேன்.

12ஆம் தேதி பிற்பகல் தீ குடியிருப்புப் பக்கம் வந்தபோது, குடிநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து குளோரின் வாயு கசிந்தது. அணைக்கப் போனவர்களே பின்வாங்க வேண்டியதாயிற்று. குளோரின் காற்றைவிடக் கனமானது, பள்ளத்தைத் தேடி இறங்கும். அங்கே இருக்கும் பள்ளமோ ஒரு மைல் ஆழம். அதனால் தீயே எட்டிப் பார்க்காத அடிவாரத்தில், ஆற்றங்கரைப் பாதைகளில் நடந்துகொண்டிருந்தவர்களையும் அவசரமாக வெளியேற்றினார்கள். அன்றிரவு விடுதி எரிந்தது. பார்வையாளர் மையம், மரக்குடில்கள், ஊழியர் வீடுகள் என்று பல பத்துக் கட்டடங்கள் கூடவே போயின. கல் சுவர்கள் மட்டும் நின்றன, 1932இல் நின்றதைப் போலவே. உயிர்ச்சேதம் இல்லை.

அதன்பிறகும் அது நிற்கவில்லை. மழை ஏமாற்றியது. தீ பெருத்துப் பெருத்து, ஜூலை இறுதியில் தன் வெப்பத்தாலேயே தலைக்கு மேல் மேகம் கட்டுமளவுக்கு வளர்ந்தது. கடைசிக் கணக்கு 1,45,000 ஏக்கர். சென்னை மாநகராட்சியின் முழுப் பரப்பையும் அதற்குள் வைத்துவிட்டு இன்னும் இடம் மிச்சமிருக்கும். வடகரையை அந்தப் பருவம் முழுக்க மூடினார்கள்.

ஒரு வாரம் சின்னதாக எரிந்ததை ஏன் உடனே அணைக்கவில்லை? அரிசோனா ஆளுநர் கேட்டி ஹாப்ஸ் இதையே கேட்டு, சுதந்திரமான விசாரணை வேண்டும் என்றார். நானும் அன்று காலை காப்பியை ஆறவிட்டுவிட்டு இதைத்தான் கத்தினேன். ஆனால் கத்தி முடித்தபின் கொஞ்சம் படித்தேன். படித்தபிறகு அவ்வளவு நிச்சயமாகப் பேச முடியவில்லை.

பொண்டெரோசா காடு தீயோடு வாழ்க்கைப்பட்ட காடு. அதன் தடித்த பட்டை தீக்காகவே போர்த்திக்கொண்ட கம்பளி. கீழ்க்கிளைகளைத் தானே உதிர்த்துவிடும், தரைத்தீ ஏணி பிடித்து உச்சிக்கு ஏறாமலிருக்க. சில வருடங்களுக்கு ஒருமுறை சருகையும் புதரையும் நக்கிவிட்டுப் போகும் சின்னத் தீ, அந்தக் காட்டுக்கு வருஷாந்திர வெள்ளையடிப்பு மாதிரி. மரத்தை அறுத்தால் வளையங்களுக்கு நடுவே தீத்தழும்புகள் வரிசையாகத் தெரிகின்றன. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வரிசை நின்றுபோகிறது. வெள்ளையர் கொண்டுவந்த கால்நடைகள் புல்லை மேய்ந்து தீர்த்தன. பிறகு அரசாங்கம் தீயையே எதிரியாக அறிவித்தது. 1935இல் அமெரிக்க வனத்துறை ஒரு கட்டளை போட்டது. எந்தத் தீயானாலும் தகவல் வந்த மறுநாள் காலை 10 மணிக்குள் அடக்கிவிட வேண்டும். 1944இல் ஸ்மோக்கி என்ற தொப்பிக் கரடியைச் சுவரொட்டியில் நிறுத்தி, பிள்ளைகளுக்கும் அதையே போதித்தார்கள். தேசியப் பூங்காத் துறை 1968இல்தான் மனம் மாறி, மின்னல் தீ சிலவற்றை எரியவிடலாம் என்று ஒப்புக்கொண்டது.

எங்கள் அலுவலகப் பின்கட்டில், விற்காமல் திரும்பிவந்த இதழ்க் கட்டுகள் கிடக்கும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடைக்குப் போட்டுவிடுவோம். ஒரு வருடம் யாரும் கவனிக்காமல் விட்டதில் கட்டு கூரையைத் தொட்டுவிட்டது. மின்சாரம் பார்க்க வந்தவர் மேலே ஒயரையும் கீழே காகிதத்தையும் பார்த்துவிட்டு, உள்ளே வரவே மாட்டேன் என்று வாசலில் நின்றுவிட்டார். அந்தக் காட்டில் நூறு வருஷத்துக் கட்டு கிடக்கிறது. வைத்திருந்தாலும் ஆபத்து, எரித்தாலும் ஆபத்து.

ஸ்டீஃபன் பைன் என்ற அறிஞரைப் பற்றி இந்தச் சாக்கில் தெரிந்துகொண்டேன். 1967இல், பதினெட்டு வயதில், இதே வடகரையில் தீயணைப்புக் குழுவில் சேர்ந்தார். பதினைந்து கோடைகள் மண்வெட்டி பிடித்துவிட்டு, பிறகு தீயின் வரலாற்றை எழுத உட்கார்ந்தார். அமெரிக்காவில் தீ பற்றிப் பேச வேண்டுமென்றால் இன்று அவரை விட்டுவிட்டுப் பேச முடியாது. வடகரையின் அந்த வருடங்களைப் பற்றியே 1989இல் ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். கையில் கொப்புளம் கண்டவர் எழுத்துக்கு வந்தால் கிடைப்பது வேறு ரகம். நம் காடுகளில் தீத்தடுப்புக் கோடு வெட்டும் வாட்சர் ஒருவர் அப்படி எழுத வந்தால், இந்த இதழில் எத்தனை பக்கம் வேண்டுமானாலும் தருகிறேன்.

என்னைக் கேட்டால், எரியவிடுவது என்ற கொள்கையில் தப்பில்லை. அந்த வாரத்தில் எரியவிட்டது தப்பு. கைபாபில் ஜூலை முதல் வாரம் மழைக்கு முந்தின வாரம், வருடத்திலேயே காய்ந்த நாட்கள். அந்தச் சருகு நொறுங்கிய சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. 2006இல் சாலையோரம் எரிந்துபோன காடே சாட்சியாக நின்றுகொண்டிருக்கிறது. சட்டைப் பையில் சாவி வைத்துத் தூங்காத அந்தப் பெரியவருக்குத் தெரிந்தது, முடிவெடுக்கும் மேசையில் எடையில்லாமல் போயிருக்கிறது. அதே சமயம், இந்தக் கோபத்தில் மறுபடி பழைய 10 மணிக் கட்டளைக்குத் திரும்பினால் அடுத்த தீ இதைவிடப் பெரிதாகத்தான் இருக்கும். சத்தியமங்கலம், பிலிகிரி மலைச் சோலிகர்களைக் கேட்டுப் பாருங்கள். கோடை முற்றுமுன் சருகுக்குத் தீயிடுவது அவர்கள் முன்னோர் வழக்கம். அதைத் தடுத்தபிறகுதான் உண்ணிச்செடி காட்டையே மூடிவிட்டது என்பது அவர்களுடைய நெடுநாள் வருத்தம். பாயூட் மக்களும் கைபாபில் அப்படித் தீயிட்டவர்கள்தான்.

இந்தக் கதையை எழுதிக்கொண்டிருந்த நாட்களில் மனம் பலமுறை தேனிப் பக்கம் போய்வந்தது. 2018 மார்ச் 11, குரங்கணி. மலையேற்றம் போன குழுவினர் காய்ந்த புல்மேட்டில் தீயில் சிக்கினார்கள். 23 உயிர்கள். சரிவில் தீ மேல்நோக்கி ஏறும்போதுதான் வேகம் பிடிக்கும். கீழே எரிவதன் சூடு மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே காய வைத்துவிடும். மேட்டை நோக்கி ஓடும் மனிதன் அதனிடம் தோற்றுப்போவான். இது அந்தப் பிள்ளைகளுக்கு யாராவது முன்கூட்டியே சொல்லியிருக்க வேண்டியது. அவர்கள் செய்த பிழை இதில் ஒன்றுமில்லை. அதன்பிறகு விதிகள் வந்தன. கோடை மாதங்களில் மலையேற்றப் பாதைகளை வனத்துறை மூடுகிறது. மூடும்போதெல்லாம், பணம் கட்டிவிட்டோமே, ஊரிலிருந்து வந்துவிட்டோமே என்று சோதனைச் சாவடியில் நின்று வாதாடுகிறவர்களை நானே பார்த்திருக்கிறேன். ஒருகாலத்தில் நானும் வாதாடியிருக்கிறேன்.

போன மாதம் ஒரு சினிமாக் கட்டுரையின் மெய்ப்பில், 'அந்தச் செய்தி காட்டுத்தீபோல் பரவியது' என்று இருந்தது. முப்பது வருடமாக எத்தனை முறை அதைக் கண்ணை மூடிக்கொண்டு அனுமதித்திருப்பேன்! இந்த முறை பேனா நின்றுவிட்டது. நான் பார்த்த காட்டுத்தீ ஒரு வாரம் ஊதுவத்திபோல் நின்றுகொண்டிருந்தது. எல்லாரும் அதைப் பார்த்தோம், தலையாட்டினோம், அதன் வாசத்தில் தூங்கினோம். உதவி ஆசிரியர் காரணம் கேட்டார். "வேற ஏதாவது போடுப்பா" என்று மட்டும் சொன்னேன்.

பொங்கல் முடிந்ததும் டாப்ஸ்லிப்புக்கும் மேகமலைக்கும் கொல்லிமலைக்கும் கூட்டம் கிளம்பிவிடும். உங்கள் வீட்டுப் பிள்ளைகளும் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு நிற்பார்கள். போகட்டும், தடுக்காதீர்கள். பாதை மூடியிருக்கிறது என்று வனக்காவலர் சொன்னால், சிபாரிசுக்கு ஆள் தேடாமல் திரும்பி வந்துவிடச் சொல்லுங்கள். திறந்திருந்தால், அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு குடம் தண்ணீர் இருக்கட்டும். சாவியும் செருப்பும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கூடாரம் அடிக்குமுன் வண்டியைத் திருப்பி நிறுத்திவிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்